காலியாக இறங்கும் ஜீப்

மலை இறக்கத்தைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம் என்று போடி ஜீப் ஸ்டாண்டில் வாய் கிழியப் பேசுகிறவன் நான். பேச்சில் பொய் இல்லை. போடிமெட்டுச் சாலையின் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளில் எங்கே தண்ணீர் கசிந்து தார் வழுக்கும், எந்த வளைவில் குரங்கு குறுக்கே உட்கார்ந்திருக்கும் என்பதுவரை எனக்குத் தெரியும். ஏறின கியரிலேயே இறங்க வேண்டும். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அடிவாரத்து முந்தல் செக்போஸ்ட் வருவதற்குள் பிரேக் டிரம் தீய்ந்து நாறிவிடும். ஏற்றத்தில் வண்டி திணறும், அவ்வளவுதான். வண்டியைத் தின்பது இறக்கம். இதைப் புதிதாக வண்டி எடுத்த எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். சொல்ல வேண்டிய ஒருவனுக்கு மட்டும் சொல்லாமல் விட்டேன்.

என் பெயர் ஹபீப் ரஹ்மான். ஜீப் என்னுடையது அல்ல, ஏலக்காய்க் கடை வைத்திருக்கிற என் தாய்மாமா குத்புதீனுடையது. காலை ஆறு மணிக்குப் போடியில் ஏலத்தோட்டத்து வேலையாட்களை ஏற்றிக்கொண்டு மலை உச்சியில் இருக்கும் மெட்டுக்குப் போக வேண்டும். அங்கிருந்து அந்தப் பக்கம் தோட்டம் தோட்டமாக இறக்கிவிட்டு, ஒன்பது மணி வாக்கில் காலி வண்டியோடு கீழே வர வேண்டும். சாயங்காலம் மறுபடி போய்க் கூட்டி வர வேண்டும். எட்டுப் பேர் உட்காரும் வண்டியில் பதினாறு பேர் உட்கார்ந்து வருவார்கள். பெரும்பாலும் பெண்கள். வாய் ஓயாது. அவர்களை இறக்கிவிட்டதும் காது இரண்டும் அடைத்துப்போனது போல இருக்கும்.

நான் சொல்ல வந்தவன் வெள்ளைத்துரை. ராசிங்காபுரத்துக்காரன். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. அவன் என்னை மாமா என்பான், நான் அவனை மாப்ளே என்பேன். எந்த முறையில் என்று கேட்டால் இரண்டு பேருக்கும் தெரியாது. அப்படிக் கூப்பிட்டுப் பழகி, பெருநாளைக்கு அவன் எங்கள் வீட்டில் சாப்பிடுவதும், பொங்கலுக்கு நான் அவர்கள் தோட்டத்தில் கரும்பு கடிப்பதும் பதினைந்து வருஷமாக நடந்தது.

அவன் ஓடுவான். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. வீட்டில் மூன்று ஏக்கர் தோட்டம், அதில் வெங்காயம், தக்காளி, கொஞ்சம் தென்னை. அண்ணன் சின்னச்சாமி பார்த்துக்கொண்டார். தோட்டத்து வேலைக்கு இவன் மாட்டேன் என்றதில்லை. ஆனால் மாட்டுக்குப் பின்னால் மாட்டின் வேகத்தில் நடக்கச் சொன்னால் அவனுக்கு முகம் சுருங்கிப்போகும். பள்ளிக்கூடம் முடிந்ததிலிருந்து தினமும் விடிவதற்குள் தேவாரம் ரோட்டில் பத்து மைல் ஓடிவிட்டுத்தான் மண்வெட்டியைத் தொடுவான். "நாய் தொரத்துதா?" என்று வயக்காட்டில் இருப்பவர்கள் கேட்பார்கள். "இன்னும் தொரத்தல, தொரத்துனா இன்னும் வெரசா ஓடுவேன்" என்பான்.

எண்பத்திரண்டாம் வருஷம் ஆனி மாதம் பஸ் ஸ்டாண்டு டீக்கடைச் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். தை மாதம் பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை போடியில் மாரத்தான் ஓட்டம். போடியிலிருந்து கிளம்பி, முந்தல் தாண்டி, மலைச் சாலையில் பதினோராவது வளைவுவரை ஏறி, அங்கே வைத்திருக்கும் தார் டிரம்மைச் சுற்றிக்கொண்டு வந்த வழியே திரும்ப வேண்டும். இருபத்தாறு மைல். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இருந்ததுதான் முக்கியம். கோயம்புத்தூரில் ஒரு பெரிய மில், ஓட்டக்காரர்களைச் சேர்த்து ஒரு அணி வைத்திருந்தது. முதல் மூன்று இடத்தில் வருகிறவர்களுக்கு இருபத்தேழு வயது முடியாமல் இருந்தால் அந்த மில்லில் வேலை. பாதி நாள் வேலை, பாதி நாள் ஓட்டம்.

வெள்ளைத்துரைக்குப் பங்குனியில் இருபத்தேழு முடிகிறது. தை மாதப் போட்டிக்கு அப்புறம் இரண்டே மாதம்தான் மிச்சம். அடுத்த வருஷம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

"சாகுற வரைக்கும் ஓடச் சொல்லிச் சம்பளமும் குடுத்தா, வேற என்னா மாமா வேணும்?" என்று அந்த நோட்டீஸ் முன்னால் நின்று சொன்னான். கண் கலங்கியிருந்தது. சின்னச்சாமியும் மறுக்கவில்லை. "தையி வரைக்கும் ஓடு. வந்தா சந்தோசம். வராட்டி இந்த ஓட்டத்த மூட்ட கட்டிட்டு எங்கூட நில்லு" என்றார். நியாயமான பேச்சுதான்.

சமதரையில் அவனை அடிக்க மதுரை வரைக்கும் ஆள் கிடையாது. மலைதான் புதிது. அதனால் வாரத்தில் செவ்வாயும் வெள்ளியும் மலை என்று வைத்துக்கொண்டான். விடியற்காலையில் ராசிங்காபுரத்திலிருந்து சைக்கிளில் முந்தலுக்கு வருவான். செக்போஸ்ட் பக்கத்தில் சைக்கிளைச் சாத்திவிட்டு மெட்டு நோக்கி ஏறி ஓடுவான். போட்டிக்குப் பதினோரு வளைவு போதும், இவன் பதினேழும் ஏறினான். நான் ஆட்களோடு போகும்போது ஏதாவது ஒரு வளைவில் அவனைத் தாண்டுவேன்.

முதல் நாள் மூன்றாவது வளைவிலேயே இடுப்பில் கைவைத்து நின்றுவிட்டான். ஜீப்பில் இருந்த பெண்கள் சிரித்த சிரிப்பு கணவாய் முழுக்கக் கேட்டிருக்கும். ஆவணியில் ஏழாவது வளைவில் தாண்டினேன். புரட்டாசியில் பன்னிரண்டாவது வளைவில். அடியைச் சிறிதாக வைத்து, உடம்பைக் கொஞ்சம் முன்னால் சாய்த்து, மூச்சை ஒரே சீராக விட்டு ஏறக் கற்றுக்கொண்டான். ஐப்பசியில் நான் மெட்டுக்குப் போவதற்கு முன்னாலேயே அங்கே உட்கார்ந்து டீக்கடை வைத்திருக்கும் மலையாளத்துச் சேட்டனிடம் பால் விடாத கட்டஞ்சாயா வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தான். பெண்கள் கைதட்டினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை, நானே ஓடி ஏறியது போல.

ஒன்பது மணிக்கு நான் காலி வண்டியோடு திரும்பி வருவேன். மெட்டில் ஹாரன் அடிப்பேன். அவன் வந்து முன்சீட்டில் ஏறுவான். முந்தலில் சைக்கிள் பக்கத்தில் இறக்கிவிடுவேன்.

இதை வெளியூர்க்காரர்களுக்குப் புரிய வைப்பது கஷ்டம். எங்கள் மலையில் காலி ஜீப் இறங்கும்போது நடந்து இறங்குகிறவனைப் பார்த்து நிறுத்தாமல் போகிற டிரைவர் கிடையாது. நிறுத்தியும் ஏறாமல் நடக்கிறவனும் கிடையாது. ஏறுவதற்குத்தான் இடம் பிடிக்க அடிதடி, இறங்குவது சும்மா கிடைப்பது. 'எறக்கந்தான' என்றால் எங்கள் பேச்சில் அது ஒரு வேலையே இல்லை என்று அர்த்தம். ஏறின தூரம் அவ்வளவும் திரும்ப இறக்கம் என்று நோட்டீசில் அச்சடித்தே இருந்தது. படித்த எல்லோரும் ஏற்றத்தைப் பற்றியே பேசினோம். டிரம்மைச் சுற்றிவிட்டால் அப்புறம் உருண்டுகொண்டு வந்துவிடலாம் என்றுதான் வெள்ளைத்துரையும் நினைத்தான், சின்னச்சாமியும் நினைத்தார், ஸ்டாண்டில் பந்தயம் பேசினவர்களும் நினைத்தார்கள்.

அந்த இறக்கத்து முக்கால் மணி நேரத்தைப் பற்றி நான் கொஞ்சம் சொல்ல வேண்டும். காலையில் மாமாவின் ஏச்சு, பிறகு ஆட்களின் இரைச்சல், மத்தியானம் கடையில் மூட்டை தூக்குவது, சாயங்காலம் மறுபடி இரைச்சல் என்று என் நாள் போகும். செவ்வாயும் வெள்ளியும் அந்த முக்கால் மணி நேரம் மட்டும் என்னுடையது. வேர்வை காய்ந்து உப்புப் பூத்த முகத்தோடு அவன் காலை டேஷ்போர்டில் தூக்கிப் போட்டுக்கொண்டு வருவான். பள்ளிக்கூடத்து வாத்தியார்களைப் போலப் பேசிக் காட்டுவான். கோயம்புத்தூரில் கிடைக்கப்போகிற ரூமில் எந்த மூலையில் பாயைப் போடுவான் என்று சொல்வான். நான் வேண்டுமென்றே மெதுவாக இறக்குவேன். வாழ்க்கையில் அந்தக் காலத்தைப் போல நான் சந்தோஷமாக இருந்ததில்லை. என் நிக்காஹ் நாளைக்கூட அதற்கு அடுத்துதான் வைப்பேன், நபீசா இதைப் படிக்கமாட்டாள் என்ற தைரியத்தில் சொல்கிறேன்.

புரட்டாசி கடைசியில் ஒரு நாள், ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பும்போது கருத்தம்மாள் மட்டும் ஜீப் பக்கத்தில் நின்றாள். குரங்கணிக்காரி. முப்பது வயசு இருக்கும். கல்யாணமாகிப் போடிக்கு வருவதற்கு முன்னால், குரங்கணியிலிருந்து மலைமேலே தோட்டத்துக்கு ஒற்றையடிப் பாதையில் அரிசி சுமந்து போய், காப்பி மூட்டை சுமந்து இறங்கி வந்தவள்.

"டைவரண்ணே, ஒங்க கூட்டாளி ஏறுறத மட்டுந்தேன் பழகுறாரா?" என்றாள்.

"பின்ன?"

"எறங்குறத எப்பப் பழகுவாரு?"

நான் சிரித்தேன். "எறக்கத்தப் போயி எவனாச்சும் பழகுவானா?"

"சிரிக்காதீகண்ணே. ஏறுறப்ப மூச்சு வாங்கும், ஒரு எடத்துல உக்காந்தா போயிரும். எறங்குறது அப்பிடி இல்ல. அப்ப ஒண்ணுந் தெரியாது. போகப் போகத் தொட ரெண்டும் வெடவெடன்னு ஆடும். மறுநா காலைல கக்கூசுக்குக் குத்தவைக்க முடியாது. புதுசா சொமக்க வார புள்ளைக எல்லாம் எறக்கத்துலதேன் அழுவும். பத்துப் பதினஞ்சு நா எறங்கி எறங்கிப் பழகுனாத்தேன் காலு கேக்கும். இவரு ஒரு நாளாச்சும் எறங்கிப் பாத்திருக்காரா? ஒங்க ஜீப்புலல்ல வாராரு. நான் பொம்பள, அவருகிட்டப் போயி என்னத்தச் சொல்ல. நீங்க சொல்லுங்க."

அவள் போய்விட்டாள். நான் வண்டியைத் திருப்பினேன். அவள் சொன்னது சரி என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்தது. இரும்பால் செய்த பிரேக் டிரம்மே தீய்கிற இறக்கத்தில் மனுஷன் கால் என்ன ஆகும்? இதற்கு மேல் யாரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை.

மெட்டில் வெள்ளைத்துரை ஏறினான். ஏறும்போதே ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டே வந்தான். நானும் சிரித்தேன். முந்தல் வந்துவிட்டது. இறங்கிச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். சரி, வெள்ளிக்கிழமை சொல்வோம் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை நன்றாக ஞாபகம் இருந்தது. நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் என்ன நடக்கும் என்று யோசித்தேன். அடுத்த செவ்வாயிலிருந்து மெட்டில் ஹாரன் அடிக்க வேலை இருக்காது. அவன் ஓடி இறங்கிக்கொண்டிருப்பான், நான் காலி வண்டியை உருட்டிக்கொண்டு வருவேன். தைக்கு அப்புறமோ கோயம்புத்தூர். இருக்கிறது மூன்று மாதம். அதையும் நானே வாய் திறந்து கெடுத்துக்கொள்வதா? அவன் எப்படியும் ஜெயித்துவிடுவான், ஏற்றத்தில்தான் எல்லோரையும் விட்டுவிட்டு வரப்போகிறானே, இறக்கத்தில் கொஞ்சம் வலித்தால்தான் என்ன என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கார்த்திகைக்குள் மறந்தே போய்விட்டது. மறந்துபோய்விட்டது என்று சொல்வது எனக்கு வசதியாக இருக்கிறது, அதனால் சொல்கிறேன்.

கருத்தம்மாள் ஒரு தடவை கேட்டாள். "சொன்னீகளாண்ணே?"

"சொன்னேன், சொன்னேன். அவனுக்கு எல்லாந் தெரியும்" என்றேன்.

போட்டியன்று நாற்பத்தோரு பேர் ஓடினார்கள். பதினொரு மணிவரை மலைச் சாலையை அடைத்திருந்தார்கள். தண்ணீர்க் குடமும் மருந்துப் பெட்டியும் வைத்துக்கொண்டு, முன்னால் ஓடுகிறவனுக்குப் பின்னாலேயே வரும் வேலைக்கு என் ஜீப்பைத்தான் கேட்டிருந்தார்கள். ஆக, நடந்தது முழுவதையும் பக்கத்திலிருந்து பார்த்த ஒரே ஆள் நான். அதிலிருந்தும் தப்ப முடியவில்லை.

முந்தல்வரை கூட்டத்தோடு வந்தான். முதல் வளைவிலிருந்து பிரிந்தான். மூன்றாவது வளைவில் அவனுக்குப் பின்னால் ஆள் இல்லை. ஆறாவது வளைவில் திரும்பிப் பார்த்து என்னை நோக்கிக் கண்ணடித்தான். பதினோராவது வளைவில் சுண்ணாம்பு அடித்த டிரம்மை அவன் சுற்றியபோது அடுத்து வந்த திண்டுக்கல்காரன் ஒன்பதாவது வளைவில்தான் இருந்தான். நான் ஹாரனை அமுக்கியது அமுக்கியபடி இருந்தேன். எனக்குத் தலைகால் புரியவில்லை.

இறக்கத்தில் அவன் பறந்தான். உடம்பைப் பின்னால் சாய்த்து, நீள நீளமாக எட்டு வைத்து, குதிகாலைத் தார் ரோட்டில் சடார் சடார் என்று அடித்து இறங்கினான். எதிரே ஏறி வந்தவர்கள் ஒதுங்கி நின்று பார்த்தார்கள். இரண்டு மைல் அப்படிப் போனான்.

ஏழாவது வளைவில் சத்தம் மாறியது. ஒரு கால் பலமாகவும் ஒரு கால் லேசாகவும் விழுந்தது. ஆறாவது வளைவில் தொடைச் சதை தனியாக நடுங்குவது ஜீப்பில் இருந்தே தெரிந்தது. ஐந்தாவது வளைவில் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றான். தண்ணீர் கொண்டுபோனேன்.

"மாமா, மூச்சு நல்லா இருக்கு. காலு நிக்க மாட்டேங்குது. என்னான்னு தெரியல" என்றான். சின்னப் பிள்ளை பயந்தது போல இருந்தது முகம்.

எனக்குத் தெரியும். "ஒண்ணுமில்ல மாப்ளே, எறக்கந்தான, போ" என்றேன். அந்த வார்த்தையைத்தான் சொன்னேன்.

நாலாவது வளைவில் திண்டுக்கல்காரன் சின்னச் சின்ன எட்டாக வைத்து, பொறுமையாக இறங்கித் தாண்டிப் போனான். எங்கோ மலையில் இறங்கிப் பழகிய கால் அது, பார்த்தாலே தெரிந்தது. விதிப்படி நான் முதல் ஆளின் பின்னால் போக வேண்டும். போகவில்லை. முந்தலுக்குள் இன்னும் இரண்டு பேர் தாண்டினார்கள். அதற்கப்புறம் சமதரை, அவனுடைய தரை, கண்ணை மூடிக்கொண்டு ஓடுகிற ஐந்து மைல். அதில் மரக்கால் கட்டியவனைப் போல வந்தான். ஆறாவதாக வந்து சேர்ந்தான்.

மேடையில் மூன்று பேருக்கு மாலை போட்டார்கள். வெள்ளைத்துரை என் ஜீப்பின் பின்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். எழுந்தபோது அந்த முக்கால் அடிப் படியை அவனால் இறங்க முடியவில்லை. திரும்பி நின்று, அண்ணன் தோளைப் பிடித்துக்கொண்டு, பின்பக்கமாக இறங்கினான். புது வேட்டி கட்டி வந்திருந்த சின்னச்சாமி அவனைத் தாங்கிப் பிடித்தார். "விடுறா. நாளைக்கு ஒரு நா நல்லாத் தூங்கு. மறுநா தண்ணி பாச்சிக்கிருவோம்" என்றார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது.

கருத்தம்மாள் கூட்டத்தில் நின்றாள். என்னைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பரவாயில்லை.

அதற்கப்புறம் ஒரு மாதம் நான் மெட்டில் ஹாரன் அடிக்கவில்லை. வீட்டில் சோறு இறங்கவில்லை. நபீசா கேட்டபோது அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? எனக்கா காலு போச்சு?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனாள்.

மாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, நான் காலி வண்டியோடு மெட்டைத் தாண்டும்போது டீக்கடையில் வெள்ளைத்துரை நின்றான். முன்னைப்போலவே ஏறி உட்கார்ந்தான்.

"சும்மா ஒரு தடவ ஏறிப் பாக்கணும் போல இருந்துச்சு மாமா" என்றான். காலை டேஷ்போர்டில் போடவில்லை. மூன்று வளைவு இறங்கினோம். அப்புறம் அவனாகவே சொன்னான். "நானும் எல்லாத்தையும் யோசிச்சுப் பாத்துட்டேன். ஒரு நா விடாமப் பழகுனேன். ஒரு தப்பும் பண்ணல. அப்ப என் ஒடம்பு அவ்வளவுதேன். அதுக்கு மேல அதுல சரக்கு இல்ல. இத முன்னாடியே தெரிஞ்சிருந்தா அண்ணனையாச்சும் அலைய விடாம இருந்திருக்கலாம்."

தோற்றதைக்கூட நான் தாங்கிக்கொண்டிருப்பேன். இப்படி அவன் தன்னையே மட்டமாகப் பேசியதைத் தாங்க முடியவில்லை. எட்டாவது வளைவில் வண்டியை ஓரம் கட்டினேன். இன்ஜினை நிறுத்தினேன்.

"ஒடம்புல ஒரு கொறையும் இல்ல மாப்ளே. நீ எறங்கிப் பழகல. அதேன்."

அவன் என்னைப் பார்த்தான்.

"கருத்தம்மா சொன்னா. எறங்கிப் பழகாட்டித் தொட நிக்காதுன்னு. ஒங்கிட்டச் சொல்லச் சொன்னா. நான் சொல்லல."

"எப்பச் சொன்னா?"

"பெரட்டாசில."

விரலை மடக்கி எண்ணினான். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. மூன்று விரல். அந்த விரல்களையே கொஞ்ச நேரம் பார்த்தான்.

"மறந்துட்டியா மாமா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவனே வழி விட்டான். அவன் கேட்ட விதம் அப்படித்தான் இருந்தது. ஆனால் அன்றைக்கு மட்டும் என் வாயில் பொய் வரவில்லை.

"மறக்கல. நீ ஓடி எறங்குனா வண்டியில வர மாட்ட. ஜெயிச்சா கோயம்புத்தூரு போயிருவ. அதேன்."

காற்று பலமாக அடித்தது. கீழே எங்கோ ஒரு லாரி ஏறும் சத்தம் கேட்டது. அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"போயிருந்தா லெட்டர் போட்டிருப்பேன்டா" என்றான்.

அவ்வளவுதான் சொன்னான். வாழ்நாளில் முதல் தடவையாக மாமா என்னும் இடத்தில் என்னை டா போட்டுப் பேசினான். கதவுப் படுதாவை விலக்கிக்கொண்டு இறங்கினான். எட்டாவது வளைவிலிருந்து முந்தலுக்கு நடக்க ஆரம்பித்தான். நான் முதல் கியரில் பின்னாலேயே போனேன். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. முந்தலில் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். நான் செக்போஸ்ட் பக்கத்தில் வண்டியை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்து அழுதேன். போலீஸ்காரர் வந்து உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

பங்குனியில் அவனுக்கு இருபத்தேழு முடிந்தது. அண்ணனோடு தோட்டத்தில் நின்றான். நான் ஆசைப்பட்டபடியே எங்கும் போகாமல் ஆறு மைல் தூரத்தில் இருந்தான். என் வீட்டுக்கு வருவதை மட்டும் நிறுத்திவிட்டான்.

ஓடுவதை நிறுத்தவில்லை. செவ்வாயும் வெள்ளியும் மலைக்கு வந்தான். நான் ஆட்களோடு ஏறும்போது அவன் ஏறிக்கொண்டிருப்பான். நான் காலியாக இறங்கும்போது அவன் இறங்கிக்கொண்டிருப்பான். முதலில் இரண்டு வளைவுதான் ஓடி இறங்கினான், மிச்சத்தை நடந்தான். பிறகு நான்கு. பிறகு எட்டு. சின்னச் சின்ன அடியாக வைத்து, முழங்காலை லேசாக மடக்கி, சத்தமே வராமல் இறங்கக் கற்றுக்கொண்டான். வழியில் பார்த்த டிரைவர்கள் எல்லாம் நிறுத்திக் கேட்டார்கள். எல்லோருக்கும் கையை ஆட்டிப் போகச் சொன்னான். மலையில் அப்படி ஒருத்தன் முதல் தடவையாக இறங்கினான். ஏறும்போது என் ஜீப்பில் இருக்கும் கருத்தம்மாள் அவனைப் பார்த்து, "எறங்குறப்ப மெள்ள வைங்க, மெள்ள வைங்க" என்று கத்துவாள். அவன் அவளுக்கு மட்டும் கையைத் தூக்குவான்.

மறுவருஷமும் தை மாதம் அதே போட்டி நடந்தது. வெள்ளைத்துரை டிரம்மை இரண்டாவதாகத்தான் சுற்றினான். இறக்கத்தில் தாண்டினான். தனியாகப் போடிக்குள் வந்தான். முதல் பரிசு ஒரு கப்பும் ஒரு சால்வையும். மில்காரர் பெயரையும் வயதையும் கேட்டு எழுதிக்கொண்டே வந்தவர், வயதைக் கேட்டதும் பேனாவை மூடிவிட்டார். நான் கூட்டத்தில் துண்டும் தண்ணீரும் வைத்துக்கொண்டு நின்றேன். அவன் அண்ணனிடம் வாங்கிக் குடித்தான். அந்தக் கப்பில் இப்போது சின்னச்சாமி வெண்டை விதை போட்டு வைத்திருக்கிறாராம்.

எண்பத்தைந்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, மெட்டு டீக்கடையில் அவனுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். நபீசாவுக்கு இரண்டாவது பிள்ளை பிறந்து நாற்பதாம் நாள் கழிந்திருந்த சமயம். எப்படித்தான் தைரியம் வந்ததோ, "மாப்ளே, ஏறேன். ஒரு தடவ" என்றேன்.

சேட்டன்கூட கிளாஸ் கழுவுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். வெள்ளைத்துரை டீயைக் குடித்து முடித்தான். ஜீப்பிடம் வந்தான். முன்சீட்டில் படிந்திருந்த செம்மண்ணைத் தன் துண்டால் தட்டிவிட்டான். ஏறப்போகிறான் என்று நான் ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டேன்.

"சீட்டு இருக்கட்டும் மாமா. காலு வலிச்சா ஏறிக்கிறேன்" என்றான்.

மாமா என்று சொன்னான். இரண்டு வருஷம் கழித்துச் சொன்னான். துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு இறக்கத்தில் ஓட ஆரம்பித்தான்.

இப்போது எண்பத்தெட்டு. காலி வண்டியில் வழி நெடுக ஆட்களை ஏற்றிக்கொள்கிறேன், எல்லோரையும் பின்னால்தான் உட்காரச் சொல்கிறேன். முன்சீட்டில் ஒரு மூட்டைகூட வைப்பதில்லை. இடத்தை வீணாக்குகிறேன் என்று குத்புதீன் மாமா ஏசுகிறார். செவ்வாயும் வெள்ளியும் ஏதாவது ஒரு வளைவில் அவனுக்குப் பக்கத்தில் வரும்போது வேகத்தைக் குறைத்து ஒரு ஹாரன் அடிக்கிறேன். அவன் கையை ஆட்டிப் போகச் சொல்கிறான். இன்னும் அவனுக்குக் கால் வலிக்கவில்லை.